அரை நிமிடம் கழித்து வந்த குரல்

எம். புதுப்பட்டியில் செல்வலட்சுமிக்குப் பேச்சுக்காரி என்று பெயர். பட்டாசுக் கம்பெனியில் அவள் இருக்கும் அறையில் இடம் கிடைக்காதா என்று பெண்கள் ஏங்குவார்கள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். பொழுது போக வேண்டுமென்றால் அவள் வாயைத் திறந்தால்தான் உண்டு. பஸ்ஸில் பார்த்த ஒரு சண்டையை அவள் சொன்னால் கண்டக்டரும் வருவார், சண்டைக்காரியும் வருவாள், நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டியும் வந்து கத்தும். கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே இருக்க, அவர்கள் கைகள் பாட்டுக்குத் திரியைச் செருகிக்கொண்டிருக்கும்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியை அடைத்தார்கள். மறுபடி திறக்கும்வரை பெண்கள் அவரவர் வீட்டிலேயே அட்டைப்பெட்டி ஒட்டினார்கள். செல்வலட்சுமியும் ஒட்டினாள். கணவன் உக்கிரபாண்டி பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பிவர நாளாகும். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

உக்கிரபாண்டியின் தங்கை முத்துச்செல்வி அதே வீட்டில்தான் இருந்தாள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலை. சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் செல்வலட்சுமி அன்றைய கதை அத்தனையையும் அவள் தலையில் கொட்டிவிடுவாள். ஒரு நாள் முத்துச்செல்வி காப்பித் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இம்புட்டையும் எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது மதினி? இன்டர்நெட்டுல ஒரு ரேடியோ வைப்போம். அவுக அவுக வீட்டுல இருந்தே கேக்கட்டும்."

ரேடியோ என்றால் கோபுரம் வேண்டும், பெரிய ஆபீஸ் வேண்டும் என்றுதான் செல்வலட்சுமி நினைத்திருந்தாள். அதெல்லாம் வேண்டாம், ஒரு லேப்டாப்பும் மைக்கும் இருந்தால் போதும், குரல் எங்கேயோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போகும், லிங்க்கை அமுக்கியவர்கள் எல்லோரும் கேட்கலாம் என்று முத்துச்செல்வி விளக்கினாள். லாரியில் போகிற அண்ணன்கூடக் கேட்கலாம் என்றாள். செல்வலட்சுமிக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு.

மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த தகரக்கூரை அறையை ஒழித்தார்கள். முதலில் பதிவு செய்து கேட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல் இருந்தது. சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டார்கள், மிச்சமிருந்த இடத்தில் கழிவு அட்டைகளை ஒட்டினார்கள். கூரியரில் வந்த மைக்கை உடைந்த மேசை விளக்கின் கழுத்தில் கட்டி, மூச்சுச் சத்தம் விழாமல் இருக்க அதற்கு ஒரு காலுறையை மாட்டினார்கள். ரேடியோவுக்குத் 'திரி' என்று பெயர் வைத்தது செல்வலட்சுமி. சினிமாப் பாட்டுப் போட உரிமை வாங்க வேண்டும், நம்மால் ஆகாது என்றாள் முத்துச்செல்வி. பாட்டு எதற்கு, நான் இருக்கிறேனே என்றாள் மதினி.

ஆனால் லேப்டாப் சர்வரோடு சேருவேனா என்றது. பாஸ்வேர்டைத் தப்பில்லாமல் போட்டாலும் திரையில் சிவப்பு எழுத்துத்தான் வந்தது. முத்துச்செல்வி தினமும் வேலை விட்டு வந்ததும் மாடிக்கு ஏறினாள், யார் யாரோ எழுதி வைத்ததைத் தேடிப் படித்தாள், எதையோ அழித்து எதையோ மாற்றினாள். ஒரு சாயங்காலம் சிவப்பு எழுத்து பச்சையாக மாறியது. செல்வலட்சுமி மைக்கில் "ஹலோ, கேக்குதா?" என்றுவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதானா என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, போனுக்குள்ளிருந்து ஒருத்தி "ஹலோ, கேக்குதா?" என்றாள்.

குரல் சர்வருக்குப் போய்த் திரும்ப அரை நிமிடம் ஆகிறது என்று முத்துச்செல்விக்குப் புரிந்தது. செல்வலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். அரை நிமிடம் கழித்து அந்தச் சிரிப்பு போனில் வந்ததும் அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க்கையும், செய்தி அனுப்ப முத்துச்செல்வியின் நம்பரையும் அனுப்பினார்கள். ஆரம்பிக்கலாம் என்று முத்துச்செல்வி கையைக் காட்டினாள். செல்வலட்சுமி வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை.

அவளுக்கே அது நம்ப முடியவில்லை. எதிரே ஒரு முகமும் இல்லை, சிரிப்பும் இல்லை, காலுறை மாட்டிய மைக் மட்டும் அவளை முறைத்தது. முத்துச்செல்வி என்ன நினைத்தாளோ, கீழே ஓடிப் பசைக் கிண்ணத்தையும் ஒரு கட்டு அட்டையையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

செல்வலட்சுமி ஓர் அட்டையை எடுத்து மடித்தாள், பசை தடவினாள். அடுத்ததையும் எடுத்தாள். கை ஓட ஆரம்பித்ததும் வாயும் ஓட ஆரம்பித்தது. திருத்தங்கல் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பு காணாமல் போன கதையை எடுத்தாள். செருப்பு பந்திக்குள் போய், சமையல்காரரிடம் போய், கடைசியில் மைத்துனன் காலில் ஏறுவதற்குள் அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண்ணிக்கையை முத்துச்செல்வி திரையில் காட்டினாள். ஏறிக்கொண்டே இருந்தது. செல்வலட்சுமி அதை நம்பவில்லை. மெஷின் என்ன வேண்டுமானாலும் காட்டும்.

அப்போது ஒரு செய்தி வந்தது. தெரியாத நம்பர். முத்துச்செல்வி போனை நீட்ட, செல்வலட்சுமி அதை மைக்கிலேயே வாசித்தாள். "அக்கா, நான் ஆனைக்குட்டம் கற்பகவல்லி. எங்க சின்னம்மா லிங்க் அனுப்புனாக. சிரிச்சு வயிறு வலிக்குது. இங்கன மழை கொட்டுது. மேகம் ஒங்க பக்கந்தான் நகருது."

ஆனைக்குட்டத்தில் ஒருத்தி கேட்கிறாள் என்று அவள் துள்ளி எழுந்தாள். எழுந்த பிறகுதான் மழை என்ற வார்த்தை உறைத்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கிழக்கே வானம் கருத்துக் கிடந்தது. கீழே தெரு நெடுகப் பசை காய்வதற்குப் பரப்பிய பெட்டிகள், வீட்டுக்கு வீடு. ஒரு வாசலிலும் ஆள் இல்லை.

அவள் மைக்கைப் பிடித்தாள். "புதுப்பட்டி ஆளுகளா, மழை வருது. கதையப் பெறகு கேட்டுக்கலாம், பெட்டிய உள்ள அள்ளுங்க."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். தெரு அப்படியே கிடந்தது. காற்றுக்கு ஒரு பெட்டி உருண்டது. யாருமே கேட்கவில்லை, இவ்வளவு நேரமும் காலுறையோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள். முத்துச்செல்வி அவள் தோளைப் பிடித்து, பொறுங்க மதினி என்றாள்.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து செல்வலட்சுமியின் குரலே கேட்டது. "மழை வருது." எதிர்வீட்டிலிருந்து அதே குரல், கொஞ்சம் பிந்தி. அதற்கடுத்த வீட்டிலிருந்தும். பிறகு கதவுகள் திறந்தன. பஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள், அவள் பின்னால் இசைவாணி, இன்னும் கூட்டமாகப் பெண்கள். போனை இடுப்பில் செருகியபடி பெட்டிகளை வாரி வாரி உள்ளே போட்டார்கள். ஆள் இல்லாத வீட்டுப் பெட்டிகளையும் சேர்த்து அள்ளினார்கள். முதல் துளி விழுந்தபோது தெருவில் ஓர் அட்டைத் துண்டுகூட இல்லை.

"அம்புட்டுப் பேரும் கேட்டிருக்காக முத்து," என்றாள் செல்வலட்சுமி. அவள் கண் கலங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படி அதிர்ந்தது. நனைந்த சேலையோடு பெண்கள் அறைக்குள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். தகரத்தில் மழை அடித்த சத்தத்துக்கு மேல் எல்லோரும் கத்திப் பேசினார்கள். பஞ்சம்மாள் மைக்கருகில் குனிந்து, இதில் பேசினால் மல்லாங்கிணற்றில் இருக்கும் தன் மகளுக்குக் கேட்குமா என்று விசாரித்தாள். கேட்கும் என்றதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செல்வலட்சுமியின் போன் அடித்தது. உக்கிரபாண்டி. நாக்பூர் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் லாரியை நிறுத்தியிருப்பதாகச் சொன்னான். மேற்கொண்டு என்னவோ கேட்க வந்தான்.

"இப்பப் பேச முடியாதுங்க, ஆளு வரிசையில நிக்குறாக. ரேடியோவப் போட்டுக் கேளுங்க," என்று போனை வைத்துவிட்டு, அவள் மைக்கைப் பஞ்சம்மாள் பக்கம் திருப்பினாள்.