பட்டினி மீன்களின் தொப்பை

இரண்டாயிரமாவது வருடம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கல்பட்டு வீட்டின் வாசல் பக்கத்து அறையில் இருந்தவர்கள்:

பட்டாபிராமன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். வீட்டுக்கும் அவரே.

சுந்தரவல்லி. அவர் மனைவி. கையில் கரண்டி.

மானசா. மகள், கல்லூரி இரண்டாம் ஆண்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

மூர்த்தி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்து மீனவர். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றிவந்த நாலு கேன் கடல் தண்ணீரோடு.

அச்சுதன். மகன். கையில் காப்பி வடிகட்டி. வடிகட்டியில் ஏழு கடுகு, ஒரு கறிவேப்பிலைக் காம்பு.

நாலடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் கோமாளி மீன் இரண்டு, பவளம் ஒன்று. மிச்ச இடமெல்லாம் பாசி.

"இது யாரோடது?" என்று கேட்டான் அச்சுதன்.

கடுகுக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

அச்சுதன் ஒன்றரை வருடம் சென்னையில் ராத்திரி வேலை பார்த்தவன். அமெரிக்க டாக்டர்கள் முணுமுணுப்பதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்யும் வேலை. ஒருநாள் விடியற்காலையில், யாரோ ஒருவருடைய பித்தப்பையைப் பற்றிப் பாதி வாக்கியம் அடித்துக்கொண்டிருந்தவன், எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். மீதி வாக்கியத்தை யார் அடித்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பித்தப்பைக்காரர் பிழைத்தாரா என்பதும் தெரியாது.

வந்தவன் வைத்ததுதான் இந்தக் கடல்நீர்த் தொட்டி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டல் ஒன்றின் மேலாளர் கோதண்டராமன், வரும் வெள்ளிக்கிழமை இதைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால், ஓட்டல் வரவேற்பறையில் வைக்கிற பெரிய தொட்டி அச்சுதன் பொறுப்பு. பிடிக்காவிட்டால், திங்கட்கிழமை ராத்திரி மறுபடியும் பித்தப்பை. பட்டாபிராமன் பழைய ஆபீஸில் பேசி, நாளும் குறித்துவிட்டார்.

புதுத் தொட்டியில் பாசி பிடிப்பது சகஜம். முதலில் கண்ணாடியில் பழுப்பாகத் தூள் படியும். அது வந்தது, போனது. அப்புறம் பச்சை முடி முளைத்தது. அது போகவில்லை. பல் பிரஷ்ஷால் தேய்த்தான், விளக்கு நேரத்தைக் குறைத்தான், தண்ணீரை மாற்றினான். இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகைதான் தீனி. பாசி விரல் நீளம் வளர்ந்து, தலைக்குக் குளித்தவள் கூந்தல் மாதிரி அலைந்தது.

"பச்சைப் பசேல்னு எவ்வளவு நன்னா இருக்கு, இதைப் போய் ஏன்டா பிடுங்கறே?" என்பாள் சுந்தரவல்லி.

கடைசியில் அவன் சந்தேகம் தண்ணீர் மேல் போனது. அன்று காலை மூர்த்தி கேனை இறக்கியதுமே கேட்டுவிட்டான்.

"கரையோரமா மொண்டுட்டீங்களாண்ணே?"

"தண்ணி மேல பழி போடாத தம்பி. படக எடுத்துகினு ரெண்டு மைலு உள்ள போயி மொண்டது. நீ மொதல்ல மீனு வவுத்தப் பாரு." மூர்த்தி தொட்டியருகே குனிந்தார். "ரெண்டு நாளிக்கி ஒருக்கா துன்ற மீனா இது? கல்யாண வூட்டு சமையக்காரன் மாறி கீது."

அச்சுதன் பார்த்தான். ஆமாம். பட்டினி மீன்கள் இரண்டுக்கும் தொப்பை. உடனே ஒரு குழாயைப் பாறைக்குப் பின்னால் மணலில் விட்டு உறிஞ்சி, வந்ததை வடிகட்டினான். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டான்.

"கடுகு தானா நடந்து வந்து தண்ணிக்குள்ள குதிச்சுதா?"

"தாளிக்காம தயிர்சாதம் பிசைஞ்சா நன்னாவா இருக்கும்?" என்றாள் சுந்தரவல்லி.

"அம்மா!"

"ஒரு கவளம்தான்டா. காக்காய்க்கு வெச்சுட்டுத்தானே நாம சாப்பிடறோம்? ஆத்துக்குள்ள ரெண்டு ஜீவன் வாயைத் திறந்து திறந்து மூடறது. அதைப் பார்த்துண்டே எனக்குச் சாதம் எறங்குமா?"

"மூச்சு விடறதும்மா அது!"

"நீ கண்டே."

"நான் அப்பவே நெனச்சேன்" என்று ஆரம்பித்தார் பட்டாபிராமன்.

"அப்பா, பிஸ்கட்டு?" என்றாள் மானசா.

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாதி பிஸ்கட். வாக்கிங் போயிட்டு வந்து. அதுவும் நனைச்சுத்தான் போட்டேன்."

"தண்ணிக்குள்ள போடறதை எதுக்குப்பா நனைச்சேள்? எதுல நனைச்சேள்?"

"காப்பியில."

மானசாவுக்குச் சிரிப்பு வெடித்தது. அச்சுதன் அவள் பக்கம் திரும்பினான். "நீ என்ன போட்டே?"

"சத்துமாவுக் கஞ்சி. பரீட்சைக்குப் படிக்கறேன்னு அம்மா தினம் குடுக்கறா. நான் எங்கே கொட்டறது?"

மூர்த்தி போன தடவைக் காலி கேன்களை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கினார்.

"மூர்த்தியண்ணே."

"இன்னா தம்பி?"

"நீங்க?"

மூர்த்தி சுந்தரவல்லியை ஓரக்கண்ணால் பார்த்தார். "வர்றப்பல்லாம் ரெண்டு எறா. பொடிசா நசுக்கி."

கரண்டி கீழே விழுந்தது. "என் ஆத்துக்குள்ளயா?"

"உள்ள வரலம்மா. ஜன்னலு வழியாத்தான். தயிர்சோத்த வச்சிகினு அதுங்க இன்னா பண்ணும்? கடல்ல பொறந்த புள்ளைங்க, கவுச்சி இல்லாம எப்டி?"

ஆக, நாலு பேர். தான் போட்டது கொஞ்சம்தான் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. மீன் தின்றது போகக் கரைந்ததெல்லாம் பாசிக்கு எரு.

அச்சுதன் அன்றே தீர்ப்புச் சொன்னான். முதலில் பாசியைக் கையால் பிடுங்கி, பாதித் தண்ணீரை மாற்றுவது. மூர்த்தி, போட்ட இறாலுக்கு ஈடாக, கடலோரப் பாறையில் பாசி மேய்கிற நத்தை இருபது கொண்டுவருவது. அப்புறம் மூன்று நாள் இருட்டு. விளக்கு இல்லை, தீனி இல்லை, தொட்டிமேல் கம்பளி, அறைக்குப் பூட்டு.

மாலைக்குள் பாசி ஒரு வாளி வந்தது. மறுநாள் காலை நத்தைகளும் வந்து சேர்ந்தன. அவற்றை உள்ளே விட்டு, கம்பளியைப் போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டான்.

"பூணூல் சாவி மாட்டறதுக்காடா?" என்று சத்தம் போட்டார் பட்டாபிராமன்.

"உங்க பீரோ சாவி எங்கேப்பா இருக்கு?"

பட்டாபிராமன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மீன்கள் சாப்பிடாமல் தானும் சாப்பிடப்போவதில்லை என்று சுந்தரவல்லி அறிவித்தாள். அது பதினொரு மணி வரைக்கும் தாங்கியது. அன்றைக்கு இட்லி. செவ்வாய்க்கிழமை, மானசா கதவிடுக்கு வழியாகச் சத்துமாவுப் பொட்டலம் ஒன்றைத் தள்ளும்போது பிடிபட்டாள். புதன்கிழமை பட்டாபிராமன் பிஸ்கட்டோடு வந்து, ஜெயிலில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் மாதிரி பூட்டின கதவு முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தின்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை கம்பளியை எடுத்தான். மிச்சமிருந்த பாசி வெளுத்துத் துவண்டிருந்தது. பிரஷ் பட்டதும் கையோடு வந்தது. நத்தைகள் கண்ணாடியில் மேய்ந்த இடம் பளிச்சென்று இருந்தது. மீன்கள் விறுவிறுவென்று சுற்றின.

"துரும்பா எளைச்சுப்போயிடுத்து" என்றாள் சுந்தரவல்லி.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோதண்டராமன் வந்தார். சுந்தரவல்லி ஒரு தட்டில் நாலு தட்டை வைத்துக் கொடுத்தாள். அவர் தட்டும் கையுமாகத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"துளிப் பாசி இல்லையே! நான் முன்னே இருந்த ஓட்டல்ல ஒருத்தன் வெச்சான். மூணு மாசத்துல நெல்லு வயல். நீங்க என்ன மருந்து ஊத்தறீங்க?"

"மருந்து இல்லை சார். தின்னக் குடுக்காம இருக்கணும், அவ்வளவுதான்."

"பலே. திங்கட்கிழமை வந்துடுங்க."

கதவோரம் நின்ற பட்டாபிராமன் பெருமூச்சு விட்டார். கோதண்டராமன் மறுபடி மீன்களைப் பார்த்தார். அவை வாயைத் திறந்து மூடின.

"பாவம், பசிக்குது போல" என்று தட்டையில் ஒரு துண்டை ஒடித்துத் தொட்டிக்கு மேலே கையை நீட்டினார்.

அச்சுதன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.



"கையை விடுங்க" என்றார் கோதண்டராமன்.

"தட்டையைத் தட்டுல வைங்க சார். விடறேன்."

"திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க யாருகிட்ட வேலை பார்க்கப்போறீங்க, தெரியுமில்ல?"

"தெரியும். அங்கேயும் இப்படித்தான் பிடிப்பேன்."

"அச்சு, விடுடா" என்றார் பட்டாபிராமன்.

"பெத்தவளையே விடலை, உங்களை விடுவானா? வெச்சுடுங்கோ சார்" என்றாள் சுந்தரவல்லி.

கோதண்டராமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எங்க முதலாளியோட மாமியார் தினம் ரொட்டியும் கையுமா வருவாங்க. அவங்க கையையும் பிடிப்பீங்களா?"

"தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டி, சாவியை என்கிட்ட குடுத்துட்டா பிடிக்க வேண்டியிருக்காது."

கோதண்டராமன் தட்டைத் துண்டைத் தன் வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"நான் பிடிச்சா அந்தம்மா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. நீங்க பிடிங்க. திங்கட்கிழமை வந்து சாவியை வாங்கிக்கங்க."

அச்சுதன் மணிக்கட்டை விட்டான். விட்டதும் அவர் விரல்களைப் பார்த்தான். தட்டைத் தூள் ஒட்டியிருந்தது. அவர் கையை உதறத் தூக்கினார்.

"வெளியில உதறுங்க சார். காப்பி அங்கேதான்."

முதுகில் கைவைத்து அறை வாசல் வரைக்கும் கொண்டுபோனான். அவருடைய குதிகால் நிலைப்படியைத் தாண்டியதும், கதவைச் சாத்திப் பூட்டினான்.