மிளகாய் வழக்கும் வறுத்த தூளும்

1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம், கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தியாகராசா எழுந்து கோப்பின் நாடாவை அவிழ்த்தபோது, வழக்கில் சிக்கியிருந்த முந்நூறு மூட்டை மிளகின் நெடி அறை முழுக்கப் பரவி, நீதிபதி ஏழு முறை தும்மினார். மூட்டைகள் அந்த நேரத்தில் போர்ட் கிள்ளான் கிடங்கில் பூட்டிக் கிடந்தன. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. வாசனையைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள், தியாகராசா நடத்திய வணிக வழக்குகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது. ரப்பர் வழக்கில் பால் புளித்தது. பலகை வழக்கில் மரத்தூள் மணத்தது. தகராறு தொடங்கிய நாளில் சரக்கு எந்த நிலையில் இருந்ததோ அந்த வாசனைதான் வரும். கெட்டதை நல்லதென்று சாதிக்க வந்தவர்கள் கைக்குட்டையோடு படியிறங்கினார்கள்.

ஊருக்குத் தெரிவதற்கு முன்பே இது அவர் மனைவி சிவமலருக்குத் தெரியும். புதுக் கோப்பு எதுவானாலும் முதலில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அவர் திறப்பார். அவருடைய மூக்கு பிறவியிலிருந்தே பாதி அடைப்பு. ஆகவே முகர்ந்து சொல்வது சிவமலரின் வேலையாயிற்று. வந்தவர் சொன்ன கதைக்கும் வாசனைக்கும் பொருந்தாவிட்டால் மறுநாள் கோப்பு திரும்பிப் போய்விடும். பொய்க்காக எழுந்து நிற்பதில்லை என்பதில் தியாகராசா மலைபோல இருந்தார். அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான் என்று சிவமலர் பெருமையாகவும், வீட்டு ஓடு ஒழுகும் நாட்களில் கொஞ்சம் அலுப்பாகவும் சொல்வதுண்டு.

1983-இல் கிள்ளான் காப்பார் சாலையில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்த கன்னையா ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கே வந்தார். கப்பலில் வந்த செத்தல், அதாவது காய்ந்த மிளகாய், முழுவதும் கடல்நீரில் நனைந்து வந்தது என்பது அவர் வழக்கு. கப்பல்காரரோ, நல்ல சரக்கைத்தான் இறக்கினோம், உன் கிடங்கில்தான் கெட்டது என்றார். ஒரு வருஷம் நயந்து பேசிப் பார்த்துவிட்டு, மில்லும் பதினொரு வேலையாட்களும் கைவிட்டுப்போகும் நிலையில்தான் கன்னையா வந்திருந்தார். சரக்கு இறங்கி ஓராண்டுக்குள் வழக்குப் பதியாவிட்டால் உரிமையே போய்விடும். அந்த ஓராண்டு வரும் திங்கட்கிழமை நாலு மணிக்கு, நீதிமன்றப் பதிவகம் சாத்தும்போது முடிகிறது. கன்னையா போனதும் தியாகராசா நாடாவை அவிழ்த்தார். சிவமலர் குனிந்து முகர்ந்தார். கடல் இல்லை, பூஞ்சணம் இல்லை.

“நல்ல காய்ஞ்ச செத்தல். தண்ணி படேல்லை” என்றார்.

சனிக்கிழமை காலை கோப்பு திரும்பிப் போயிற்று. கன்னையா வாதாடவில்லை என்பதுதான் தியாகராசாவுக்கு முள்ளாக இருந்தது. இரண்டு கையாலும் கோப்பை வாங்கிக்கொண்டு, வரேங்கய்யா என்று சொல்லிப் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை இரவு தியாகராசா ஒரு சிமெந்து வழக்கைத் திறந்தார். சிமெந்திலிருந்தும் மிளகாய் மணத்தது. கூடவே மல்லியும் வெந்தயமும் கறிவேப்பிலையும் மணத்தன. சிவமலர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க யாழ்ப்பாணக் கறித்தூளுக்கு அவர் மிளகாயும் மல்லியும் வறுத்திருந்தார். வீட்டுத் திரைச்சீலைகூட இன்னும் தூள் மணத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

மில்லில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. தியாகராசா சட்டையை மாட்டினார், பிறகு கழற்றினார். வழக்கைத் தேடிக்கொண்டு வக்கீல் போவது தொழில் முறைக்கு ஆகாது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வக்கீலின் பெண்சாதி போகக்கூடாது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சிவமலர் கேட்டார். அப்படி ஒரு புத்தகம் இல்லை. திங்கட்கிழமை காலை அவர் கிள்ளான் பஸ்ஸில் ஏறினார். தியாகராசா மனுவைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார்.

நின்றுபோன இயந்திரத்தின் பக்கத்தில் கன்னையா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கோப்பு மடியில் இருந்தது.

“பிழை என்ரை, கன்னையா. அண்டைக்கு நான் தூள் வறுத்தனான். அதுதான் மணத்தது.”

கன்னையா மடியிலிருந்த கோப்பைத் தடவினார். “ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, ரெண்டு நாளா நானே பொய் சொல்லிட்டேனோன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன்மா” என்றார். பிறகு எழுந்து லோரிச் சாவியை எடுத்தார். “வாங்க. ஆனா ஒண்ணு லா, தூளுக்கு மிளகாய் எந்தக் கடையில வாங்குனீங்க? என்கிட்ட வாங்கியிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது.”

ஃபெடரல் ஹைவே முழுக்க, மிளகாய்த் தூசி படிந்த லோரியில் சிவமலர் தும்மிக்கொண்டே வந்தார். மூன்று ஐம்பதுக்கு மனு பதிவாயிற்று.

1985-இல் விசாரணை. தியாகராசா நாடாவை அவிழ்த்ததும் அறையில் கடல் வந்தது. உப்பும் அழுகலுமாய் வீச்சமடித்து, தரை கணுக்கால்வரை நனைந்தது. கப்பல்காரரின் சாட்சி மூக்குக்கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்தபடியே உண்மையைச் சொன்னார். நீதிமன்றப் பதிவேட்டில், தரை துடைக்கப் பத்து நிமிடம் ஒத்திவைப்பு என்று மட்டும் இருக்கிறது. மில் மறுபடி ஓடியது. அதன்பின் சிவமலர் வேறெங்கும் மிளகாய் வாங்கவில்லை. தியாகராசாவின் டைரியில், விசாரணைத் தேதிகளுக்கு நடுவே, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாளுக்கு எதிரே ‘தூள்’ என்று எழுதியிருக்கும். அன்று வீட்டுக்குக் கோப்பு வராது. அவர் மட்டும் சீக்கிரம் வருவார், மல்லியைக் கிண்டிக் கொடுக்க.

1996-இல், ஒரு வழக்கை முடித்துவிட்டு வந்து படுத்த தியாகராசா எழுந்திருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னையா நரைத்த தலையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சில தாள்கள் தேவைப்பட்டதால் சிவமலர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்தார். மேலே தியாகராசாவின் கையெழுத்தில் தியாகராசாவின் பெயரே இருந்தது. பிறப்புச் சான்றிதழ், வக்கீலாகச் சேர்ந்த பத்திரம், கல்யாணப் பதிவு. நாடாவை அவிழ்த்தார். அந்த ஒரு மாதமாக அந்த வீட்டில் எதுவும் வறுக்கவில்லை.

கூடத்திலிருந்து கன்னையா குரல் கொடுத்தார். “தூள் வறுக்கிறீங்களாம்மா?”

“இல்லை. அவரின்ரை கோப்பைத் திறந்தனான்.”

கன்னையா ஒரு தரம் இழுத்து முகர்ந்தார். “நல்ல தூளும்மா” என்றார்.

சிவமலர் நாடாவைக் கட்டவில்லை. ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு, இரண்டு பேருக்கு உலை வைக்கப் போனார்.