ஸ்டிக்கர் இல்லாத கோட்டு

கிடங்குக் கதவில் வைத்த அரக்கு இன்னும் ஆறவில்லை. தஹானி அம்மாள் சூப்பை ஆற்றுகிறவளைப் போல அதன் மேல் குனிந்து ஊதிக்கொண்டிருந்தபோதுதான், இக்லால் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"கைய வெச்சிடாதம்மா, ஒட்டிக்கும்" என்ற தஹானி, பிறகுதான் வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "மீதி ஆயுசு உனக்குத்தான், கண்ணு" என்று துக்கம் சொன்னாள். "காலையில உங்க வாப்பா எனக்கு டீ கலக்கிக் குடுத்துட்டுப் போனாரு. வராந்தாவுல அப்படியே சரிஞ்சிட்டாரு."

"வாப்பாவோட கோட்டு உள்ள இருக்கு, அத்தை."

"எந்தக் கோட்டு?"

"பழுப்புக் கோட்டு. அதுல அடையாள அட்டை இருக்கு. அது இல்லாம அடக்கத்துக்கு அனுமதி தரமாட்டேங்கறாங்க."

தஹானி அரக்கைப் பார்த்தாள். நல்ல சிவப்பில், வட்டமாக, அழகாக அமைந்திருந்தது. அவளுடைய இத்தனை வருட உத்தியோகத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒரு முத்திரை விழுந்ததில்லை.

இக்லாலின் வாப்பா ஷவ்கி நீர்ப்பாசன அலுவலகத்தின் கிடங்குக் காப்பாளர். ஒரு காப்பாளர் இறந்துவிட்டால் அந்தக் கணமே கிடங்கைப் பூட்டி அரக்கு வைத்துவிட வேண்டும் என்பது விதி. இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போகிற அவசரத்தில் யாராவது ஒரு பம்புசெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா. ஆம்புலன்ஸ் கூப்பிடுவதற்கு முன்பாகவே தஹானி அரக்கைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ஆம்புலன்ஸ் முந்திக்கொண்டது; அரக்கு மதியத்துக்கு மேல்தான் கிடைத்தது.

இக்லாலின் கையில் செல்போன் துடித்தது. தம்பி மித்ஹத்.

"அக்கா, கிடைச்சுதா? இங்க சுகாதார ஆபீஸ்காரன் செருப்பு மாட்டிட்டு நிக்கறான். அஸர் தொழுகைக்குள்ள கபுருக்குக் கொண்டுபோகலன்னா நாளைக்குத்தான். உம்மா ஆஸ்பத்திரி வாசல்லயே உட்கார்ந்திருக்கு. வெயில்லேருந்து எழுந்திருக்க மாட்டேங்குது."

"கதவு முன்னாடிதான் நிக்கறேன்."

"அப்ப தொற."

அவள் போனை அணைத்துவிட்டாள். "கதவைத் தொறக்கணும்னா என்ன செய்யணும், அத்தை?"

"மூணு பேர் கமிட்டி வேணும். டைரக்டர் ஒண்ணு, நான் ஒண்ணு."

"மூணாவது?"

தஹானி தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "உங்க வாப்பாதான்."

எல்லோரும் மரியாதையாக 'பாஷா' என்று கூப்பிடும் இயக்குநர் ராஃபத்தின் அறைவாசலில் 'ஆணிகூடத் தப்பாது' என்று எழுதிய துணிப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் கெய்ரோவிலிருந்து ஸ்கேனர் வந்திருந்தது. அலுவலகத்தில் அசைவன, அசையாதன எல்லாவற்றின் மேலும் கோடு கோடாய் ஒரு ஸ்டிக்கர். ஸ்கேனரைக் காட்டினால் பொருள் என்ன, பொறுப்பாளர் யார் என்று அது சொல்லிவிடும். ராஃபத் அதை இடுப்பு பெல்ட்டில் உறை போட்டு மாட்டியிருந்தார். தொழுகைக்குக்கூடக் கழற்றுவதில்லை என்று பேச்சு.

அவர் எழுந்து நின்று இரு கைகளையும் விரித்தார். "ஷவ்கி இந்த நிறுவனத்தோட தூணு. நான் கபுர்ல ரெண்டு வார்த்தை பேசறதா இருக்கேன்."

"பேசலாம், பாஷா. அதுக்கு முதல்ல கபுருக்குப் போகணும்" என்றாள் இக்லால்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியின் கைப்பிடியில் ஸ்டிக்கர் மின்னியது. "பழைய காலமா இருந்தா அரக்கை உடைச்சிட்டுப் போயிடலாம். இப்ப சிஸ்டம் வந்தாச்சு. நாம என்ன செய்யறோம்னு மேல தெரியும்."

"மேல தெரியும்தான், பாஷா" என்றாள் தஹானி, கூரையைப் பார்த்து.

அவர் ஸ்கேனரை உறையிலிருந்து உருவித் தட்டினார். திரையில் ஷவ்கியின் புகைப்படம் வந்தது. கீழே பச்சை எழுத்தில் 'பணியில்' என்று இருந்தது. கிடங்கைத் திறக்கக் காப்பாளரின் கட்டைவிரலை வைக்கும்படி கருவி பணிவாகக் கேட்டது.

ராஃபத் தன் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப… அவரு எங்க இருக்காரு?"

"ஆஸ்பத்திரியில."

"பக்கத்துலதானே."

இக்லாலின் முகத்தைப் பார்த்ததும், "சும்மா கேட்டேன்" என்றார்.

மறுபடி போன் துடித்தது. அவள் எடுக்கவில்லை, கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் இதே கட்டடத்து வாசலில் மழையில் நின்றது ஞாபகம் வந்தது. தன் சொந்தக் குடையை வெளியே எடுத்துப்போக வாப்பா உள்ளே சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சீட்டு வந்தபோது மழை விட்டிருந்தது. 'ஒழுங்குன்னா ஒழுங்கு' என்று சொல்லி, குடையை விரிக்காமலே அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

"வாரிசு பொறுப்பெடுத்துக்கலாம், பாஷா" என்றாள் தஹானி மெதுவாக. "காப்பாளர் போயிட்டா அவரு பொறுப்பு வாரிசு தலையிலன்னு பழைய விதி இருக்கு. இந்த மெஷின்லயும் அதுக்கு ஒரு இடம் விட்டிருக்கான், நான் பார்த்தேன்."

"என்ன பொறுப்பு?" என்றாள் இக்லால்.

"எல்லாந்தான். உள்ள இருக்கற பம்பு, பீரோ, ஒடைஞ்ச நாற்காலி. புது ஆள் வர்றவரைக்கும் உன் பேருல இருக்கும். ஒண்ணு கொறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்பாங்க." தஹானி தயங்கினாள். "புது ஆள் எப்ப வருவான்னு என்னைக் கேக்காத. யோசிச்சிக்கோ, கண்ணு."

தூரத்துப் பள்ளிவாசலில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

இக்லால் கட்டைவிரலை நீட்டினாள். கருவி கிணுக்கென்றது. ஷவ்கியின் படம் மறைந்தது.

அரக்கைத் தஹானியே உடைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. உள்ளே கால் ஒடிந்த நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கழித்துக் கட்டும் கமிட்டி வரும்வரை எதையும் எறியக் கூடாது. கமிட்டி வந்து யாரும் பார்த்ததில்லை. ஒடிந்த கால்களைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார் வாப்பா. அவற்றிலும் ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கோணலாக ஒன்றுகூட இல்லை.

கோட்டு ஆணியில் தொங்கியது. அவள் எட்டி எடுத்து உள்பையில் கைவிட்டாள். அட்டை இருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

"நில்லும்மா" என்றார் ராஃபத். அவர் கருவியைக் கோட்டின் மேல் பிடித்திருந்தார். திரை சிவப்பாகியிருந்தது. "இதுல ஸ்டிக்கர் இல்ல. ஸ்டிக்கர் இல்லாத பொருள் கிடங்கைவிட்டு வெளிய போகமுடியாது."

"இது எங்க வாப்பாவோட கோட்டு."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"அட்டை மட்டும் எடுத்துட்டுப் போ" என்றாள் தஹானி அவள் காதில். "கோட்டு கிடக்கட்டும்."

இக்லால் கோட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். "அப்ப ஒட்டுங்க."

"எதை?"

"ஸ்டிக்கரை. என் பேருலதானே கிடங்கு? ஒட்டிக் குடுங்க, நான் கொண்டுபோறேன்."

ராஃபத்துக்கு இது பிடித்துப்போயிற்று. விதி ஒன்று முழுதாக நிறைவேறுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. அவரே பட்டையைக் கிழித்துக் கோட்டின் கையில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, கருவியிலும் பதிந்துகொண்டார்.

அஸருக்கு அவர்கள் பிந்தவில்லை. அடக்கத்தலத்தில் பெண்கள் சுவரோரம் நிழலில் நின்றார்கள். உம்மா வரும்போதே இக்லாலின் கையிலிருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மண் தள்ளும் சத்தம் நின்றதும் ராஃபத் தூணைப் பற்றியும் நிறுவனத்தைப் பற்றியும் பேசினார். ஓதுகிறவர் இடையில் இருமி, துஆவை ஆரம்பித்துவிட்டதால் புதிய திட்டத்தைப் பற்றிப் பேச அவருக்கு வாய்க்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆண்கள் கையை உதறிக்கொண்டு கலையும்போது அவர் பெண்கள் பக்கம் வந்தார்.

"மீதி ஆயுசு உங்களுக்கு" என்று உம்மாவின் முன் தாழக் குனிந்தார். இடுப்புப் பெல்ட்டு, பக்கத்தில் இக்லால் வைத்திருந்த கோட்டில் இடித்தது. உறைக்குள்ளிருந்த கருவி எங்கோ அழுந்தி, அந்த அமைதியில் ஒருமுறை கிணுக்கென்றது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஃபத் பதறிப்போய் அதை உருவி அணைக்கப் பார்த்தார். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. திரையில் பச்சையாக எழுத்து ஓடியது. பழுப்புக் கோட்டு, ஒன்று. நிலை: பயன்பாட்டில். பொறுப்பாளர்: இக்லால் ஷவ்கி.

"என்ன சொல்லுது அது?" என்றாள் உம்மா.

இக்லால் கோட்டை உதறி, தோளோடு தோள் சேர்த்து, ஸ்டிக்கர் உள்பக்கம் போகும்படி மடித்தாள். அது வாப்பா மடிக்கிற மாதிரி வரவில்லை. பிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.