ஒரு நாள் இடைவெளி

சில்லென்றிருந்த கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரு முழ உயரத்திலிருந்து செல் கரைசலைச் சொட்டவிட்டாள். சொட்டு விழுந்து தெறித்த இடத்தில் மெல்ல ஊதினாள். அப்போதுதான் செல் உடைந்து, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரிந்து படியும். காயவைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வெங்காய டாக்டர் என்று பெயர். முனைவர் பட்டத்துக்கு அவள் ஆராய்ந்தது வெங்காய வேரின் குரோமோசோம்களை. பயிர் ஆராய்ச்சியில் இடம் கிடைக்கவில்லை. இந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கொஞ்ச நாளைக்கு என்று வந்தவள், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையைப் பார்த்துப் பார்த்தே நாற்பதைத் தொட்டுவிட்டாள்.

இன்றைய மஜ்ஜை ஒரு பஸ் கண்டக்டரின் ஆறு வயது மகளுடையது. லென்ஸை நகர்த்திக்கொண்டே வந்தவளின் கை நின்றது. ஒரு பெரிய குரோமோசோமின் நுனி அறுந்து, சின்னது ஒன்றின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருந்தது.

அறுந்து வந்து சேர்ந்த இந்த ஒட்டு அவளுக்குப் புதிதல்ல. முதன்முதலில் பார்த்துச் சொன்னபோது, "சாயம் சரியா ஏறலம்மா" என்றார் துறைத் தலைவர். அவள் விடவில்லை. கிட்டங்கியில் தூசி படிந்து கிடந்த பழைய கண்ணாடித் துண்டுகளை விடுமுறை நாட்களில் எடுத்துப் பார்த்தாள். ஒட்டு இருந்த குழந்தைகளுக்கெல்லாம் வழக்கமான மருந்தில் நோய் உடனே அடங்கியிருந்தது. பிறகு திரும்பி வந்திருந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதைக் கட்டுரையாக எழுதி, தலைவர் பெயரை முதலில் போட்டு அனுப்பினாள். வெளிவந்தது. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது.

அதைப் படித்த ஒரே ஆள் குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாதான். கூப்பிட்டதும் மாடியேறி வந்து நுண்ணோக்கியில் குனிந்தார்.

"எத்தனை செல்லுல இருக்கு?"

"நல்லா விரிஞ்சது ரெண்டே ரெண்டுதான். ரெண்டுலயும் இருக்கு."

"ரெண்டை நம்பி நான் எப்படி மருந்தை மாத்தறது? கடுமையான மருந்துங்க. சின்ன உடம்பு. ஒட்டு இல்லேன்னா வீணா வதைச்ச பாவம் வந்து சேரும்."

"இருந்து, குடுக்கலேன்னா?"

டாக்டரம்மா நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார். "திங்கட்கிழமை சிகிச்சை ஆரம்பிச்சாகணும். நாளைக்கு மறுபடி மஜ்ஜை எடுத்துத் தரேன். ஒரு ராத்திரி வளரவிட்டு, வெள்ளிக்கிழமை சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை என்றதும் அவள் முகம் மாறியது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் வருஷத்துக்கு ஒரு நாள் அவளுக்கு வேலை கிடையாது. தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே, அதற்கான ஏற்பாடு. அலுவலகத்தில் அதற்குப் பெயர் 'பிரேக்'. இந்த வருஷத்துப் பிரேக் வெள்ளிக்கிழமை.

தலைவர் வெளியூர்க் கருத்தரங்கில் இருந்தார். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க ஸ்டாஃபே இல்ல மேடம்," என்றார் கிளார்க். "உள்ள ஒரு டியூப் உடைஞ்சாக்கூட யாரு பதில் சொல்றது?"

வீட்டுக்கு வந்து பையை வீசினாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிச்சுன்னா நாங்க உள்ளயா போறோம்? வெளியில நின்னு, உள்ள இருக்கறவங்களுக்குச் சொல்லிச் சொல்லியே இறக்கிடுவோம். உள்ள யாராவது இருக்காங்களா உனக்கு?"

"டெக்னீஷியன் அக்கா இருக்காங்க. ரத்த அணு எண்ணத்தான் தெரியும். இதைத் தொட்டதே இல்ல."

"கை இருக்கில்ல?"

வெள்ளிக்கிழமை காலை வாயிற்காவலர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு உங்களை விட்டா என் வேலை போயிடும்."

"உள்ள வரலங்க. எதிர்ல டீக்கடையிலதான் இருப்பேன்."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து காதில் போனை வைத்தாள். உள்ளே டெக்னீஷியன் அக்காவின் மூச்சு வாங்குவது கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கும்மா. ஒரு குழந்தையோட உசுரு இது."

"எனக்கும் முதல் தடவை பயமாத்தான் இருந்துச்சுக்கா. உப்புக் கரைசலைச் சுவரோரமா விடுங்க, மெதுவா. செல்லு வீங்கட்டும். அவசரப்பட்டா வெடிச்சிடும்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் ஏறி பெஞ்சின் பாதியைப் பிடித்துக்கொண்டது.

"சொட்டு விட்டாச்சு. ஊதட்டுமா?"

"ஊதுங்க. மெழுகுவத்திய அணைக்கற மாதிரி இல்ல, சூடான பாலை ஆத்தற மாதிரி."

கண்ணாடித் துண்டுகள் காயும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காக்கிச் சட்டை, தோளில் கண்டக்டர் பை.

"நீங்களும் யாரையாவது சேர்த்திருக்கீங்களாம்மா?"

அவள் அந்தக் கண்டக்டர் பையைப் பார்த்தாள். "ஒரு சின்னப் பொண்ணுக்காகத்தான் வந்திருக்கேன்."

"என் பொண்ணும் உள்ளதான் இருக்கா. நேத்து முதுகெலும்புகிட்ட ஊசி போட்டாங்க. நான் வெளிய வந்து அழுதுட்டேன். அவ நர்ஸுகிட்ட 'எல்லாம் உள்ள போங்க, படியில நிக்காதீங்க'ன்னு விசில் அடிச்சுக்கிட்டு இருக்கா." சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது. "ஏதோ மறுபடி டெஸ்ட் பண்றாங்களாம். யாரோ பெரிய டாக்டர் பாக்கறாராம். நல்லாப் பாப்பாருல்ல?"

"நல்லாப் பாப்பாங்க," என்றாள்.

அவர் போன பிறகுதான் படங்கள் வர ஆரம்பித்தன. டெக்னீஷியன் அக்கா போனை நுண்ணோக்கிமேல் பிடித்து எடுத்தவை. முதல் சில படங்கள் கஞ்சிபோலக் கலங்கியிருந்தன. "அக்கா, முழங்கையை மேசைமேல ஊனிக்குங்க." அடுத்தது தெளிவாக வந்தது. புடவைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்து வெயிலை மறைத்துக்கொண்டு, திரையை விரலால் விரித்துப் பார்த்தாள். தொப்பி இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். அக்காவுக்குக் கை பழகிவிட்டது; படம் வந்துகொண்டே இருந்தது.

டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடு சாலையைத் தாண்டி வந்தார். கடைக்காரர் துணியால் பெஞ்சைத் துடைத்தார். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள்.

"போதும்," என்றார் டாக்டரம்மா. "மருந்தை மாத்திடறேன்." எழுந்தவர் மருத்துவமனை கேட்டைப் பார்த்து, பிறகு இவளைப் பார்த்தார். "வெக்கமா இருக்குங்க."

"எனக்குப் பழகிடுச்சு. நீங்க போங்க, அந்த அப்பா காத்துக்கிட்டு இருப்பாரு."

கண்டக்டர் மகளுக்கு முடி கொட்டியது. வாயெல்லாம் புண்ணாகி, பல நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. இரண்டு தடவை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்த் திரும்பினாள். ஆனால் நோய் திரும்பவில்லை. ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவளுக்குப் பின் அதே ஒட்டோடு வந்த குழந்தைகளும் அதே மருந்தில் தேறினார்கள். பள்ளிக்கூடச் சீருடையோடு பரிசோதனைக்கு வந்த சிறுமி, ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று விசில் அடித்துக் காட்டினாள். டெக்னீஷியன் அக்கா அழுதே விட்டார்.

நோயோடு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் இனி இந்தச் சோதனை கட்டாயம் என்று மருத்துவமனை முடிவு செய்தது. அதற்கென்று ஒரு நிரந்தரப் பணியிடமும் வந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "விதியை நான் எழுதலம்மா. உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதியிருக்கேன். தேர்வை மட்டும் நீங்கதான் நடத்தணும். உங்களை விட்டா யாருக்கு இது தெரியும்?"

அவள் வீட்டுக்குப் போய்க் கணவனிடம் கத்தினாள். அவனும் சேர்ந்து கத்தினான். மறுநாள் வந்து, தேர்வுக்கு வேண்டிய கண்ணாடித் துண்டுகளைத் தானே தேர்ந்தெடுத்தாள். கண்டுபிடிக்கச் சுலபமானவற்றை ஒதுக்கினாள்.

தேர்வன்று ஒவ்வொருவராக வந்து நுண்ணோக்கிமுன் உட்கார்ந்தார்கள். பலரும் எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த பெண் அவசரப்படவில்லை. லென்ஸை நகர்த்திக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்று மறுபடி பின்னால் வந்தாள்.

"மேடம், இந்தச் சின்னதுக்குத் தலையில ஏதோ கூடுதலா இருக்கே?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஆமா மேடம். வேற எதுலேர்ந்தோ அறுந்து வந்து ஒட்டியிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழு மதிப்பெண் போட்டாள். தேர்வு நடத்தியவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். கீழே பதவி என்று அச்சிட்டிருந்தது. பேனா அங்கே கொஞ்சம் தயங்கி நின்றது.