பொது வாசனை

எங்கள் ஊரில் ஒருவரை இன்னார் என்று தெரிந்துகொள்வது வாசனையை வைத்துத்தான். முகம் எல்லோருக்கும் உண்டு. அதை யாரும் பார்ப்பதில்லை. கல்யாணத்தன்று எனக்கு மாமியார் வீட்டில் ரோஜாவும் பால்கோவாவும் கலந்த சென்ட் ஒன்றைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் அதுதான். உனக்குப் பால்கோவா பிடிக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

என் பெயர் பிரமிளா. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என் கணவர் கிருபாகரன் அதே பள்ளியில் ஓவிய ஆசிரியர். இந்த வருடம் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பணிமூப்பில் அடுத்தது நான். ஆனால் தலைமையாசிரியர் நாற்காலி பெண் வாசனையையும் ஏற்காது, ஆண் வாசனையையும் ஏற்காது. மீறி உட்கார்ந்தால் மெதுவாகச் சாய்ந்து ஆளைக் கீழே இறக்கிவிடும். பொது வாசனைதான் வேண்டும். நியாயமான விதியாகத்தான் எனக்குப் பட்டது. வாசனையை மாற்றிக்கொண்டால் போயிற்று என்று கடைவீதிக்குப் போனேன்.

கடையில் பெண்கள் பக்கம் பூவும் பழமும் சர்க்கரையுமாக இருந்தன. ஆண்கள் பக்கம் தோல், புகையிலை, தேவதாரு. நடுவில் யுனிசெக்ஸ் என்று எழுதிய ஒற்றை ஷெல்ஃப். அங்கே நின்ற ஷர்மிளா என்ற விற்பனைப் பெண், சென்ட் தடவிய மாதிரி அட்டையை நான் மோந்து பார்ப்பதைத் தடுத்தாள்.

"அட்டையில பாத்து முடிவு பண்ணாதீங்க மேடம். தோல்ல வெச்சாத்தான் அது யாருன்னு தெரியும். மணிக்கட்டுல மட்டும் வைங்க, தேய்க்காதீங்க. மொதல்ல எலுமிச்சை வரும். அது எல்லாருக்கும் வரும். அது போனதுக்கப்புறம் வருது பாருங்க, அதுதான் நீங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"வெயில்ல ஒரு நடை போய்ட்டு வாங்க."

ஒவ்வொரு நாளும் ஒன்றைப் பூசிக்கொண்டு நடந்தேன். ஏலக்காய் கலந்த ஒன்று மதியத்துக்குள் வங்கி மேலாளர் ஆகிவிட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அத்திப்பழம் போட்ட இன்னொன்று மாலையில் என் சின்ன மாமனாராகிப் புத்தி சொல்ல ஆரம்பித்தது. அதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடைசியில் எலுமிச்சைத் தோலும் வெட்டிவேரும் சேர்ந்த ஒன்று. வெயில் ஏறியதும் எலுமிச்சை போய்விட்டது. வெட்டிவேரோடு நனைந்த இரும்பின் வாசனை வந்தது. கோபமாக இருக்கும்போது நான் எப்படி இருப்பேனோ அப்படியே இருந்தது. உடனே வாங்கிவிட்டேன்.

பீரோ மேல் வைத்திருந்தேன். மறுநாள் காலை நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, என் கணவர் அதை எடுத்துச் சட்டை முழுக்க அடித்துக்கொண்டார்.

"எதுக்குங்க அத எடுத்தீங்க?"

"ரெண்டு அழுத்துத்தானே புள்ள. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் பொதுன்னுதானே போட்டிருக்குது."

பொது என்றால் தன்னுடையது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மணிக்கட்டில் மட்டும் தொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் பைக்கில் போய்விட்டார்.

பள்ளி வாசலில் பியூன் ராக்கியப்பன் என்னை நிறுத்தினார்.

"சார், நீங்க ஏற்கனவே உள்ள இருக்கீங்களே."

"நான் பிரமிளாங்க."

அவர் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார். "பிரமிளா மேடம் ரோசாப்பூவுங்க சார். அவிங்க இன்னைக்கு வரல."

ஜன்னல் வழியே பார்த்தேன். என் கணவர் தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தார். நாற்காலி அசையவே இல்லை. எங்கள் ஊரில் ஒரே வாசனையுள்ள இருவர் ஒரே ஆள். அந்த ஆள் யாரென்றால், முதலில் வந்து சேர்ந்தவர். நான் அவருடைய மிச்சம். எனக்கு வகுப்பில்லை, ஸ்டாஃப் ரூமில் இடமில்லை. பால்காரர்கூட என்னை சார் என்றார். என் ஆய்வகத்தைக் காலி செய்து அதில் ஓவியக் கண்காட்சி வைக்க ஆணை போட்டார்கள். ஆணையில் கையெழுத்து என் கணவருடையது.

"கூப்பிட்டாங்க, போய் உக்காந்தேன். இதுல எம்மேல என்ன தப்பு?" என்றார் வீட்டில், தோசை தின்றுகொண்டே.

பாட்டிலை ஒளித்து வைத்தேன். அவர் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். கடையில் போய்ச் சண்டை போட்டால், நீங்களேதான் வாங்கினீர்கள் என்றார்கள். நான் அந்த ஊரையே ஏசினேன். தெருவில் நின்று தொண்டை வற்றக் கத்தினேன். கிருபாகரன் சாருக்கு இன்று உடம்பு சரியில்லை போல என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கடைசியில் கல்வித்துறை மேலிடத்தில் புகார் கொடுத்தேன். நானும் அவரும் ஒரே ஆள் என்பதால், தலைமையாசிரியர் தன்மேல் தானே கொடுத்த புகாராக அதை எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட புகார்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆய்வாளர் சொக்கநாதன் மறுநாளே வந்தார். எங்கள் இருவரையும் விளையாட்டு மைதானத்தில், எலுமிச்சை போகும் வரை வெயிலில் உட்கார வைத்தார். பிறகு முதலில் என் கணவரிடம் குனிந்தார்.

"சட்டையில அடிச்சீங்களா, தோல்லயா?"

"சட்டையிலதாங்க. எப்பவுமே அப்படித்தான்."

துணியில் விழுந்தது ஆளோடு சேராது. பாட்டிலில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"இது ஆளில்ல," என்றார் ஆய்வாளர். "பாட்டிலு."

ராக்கியப்பனும் இன்னொருவரும் என் கணவரைத் தூக்கிக்கொண்டு போய் வேதியியல் ஆய்வக அலமாரியில், வினிகருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் மறுக்கவில்லை. கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னார்.

பிறகு ஆய்வாளர் என் வலது மணிக்கட்டை மோந்தார். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இதுதான். பிரமிளா. தலைமையாசிரியர்."

நான் எழுந்தேன்.

"இருங்கம்மா," என்றார். என் தோளை, கழுத்தை, தலைமுடியை எல்லாம் மோந்து பார்த்தார். "இங்கெல்லாம் ஒண்ணுமே இல்லையே?"

"மணிக்கட்டுலதாங்க வெச்சேன். அப்படித்தான் வெக்கோணும்."

"அப்ப மணிக்கட்டு வரைக்குந்தான் நியமன ஆணை போட முடியும்."

"இத்தன வருசமாப் பாடம் நடத்துனது இந்த வாய்ங்க! கரும்பலகை முன்னால நின்னு வீங்குனது இந்தக் காலுங்க! இதெல்லாம் யாருது?"

"வாய் அடுத்த வருசம் விண்ணப்பிக்கட்டும்," என்றார் அவர். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை என் வலது கை மட்டும் மணிக்கட்டோடு கழன்று தலைமையாசிரியர் அறைக்குள் போனது. நாற்காலி அதை ஏற்றுக்கொண்டது. வெளியே, பெற்றோர்கள் காத்திருக்கும் பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மணி அடித்துச் சற்று நேரத்தில், உள்ளே கை மேசையில் ஓங்கித் தட்டியது. அவ்வளவு கோபமான தட்டு. ராக்கியப்பன் உள்ளே ஓடினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றேன்.