மறுமுனையில் அப்பா

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். தகப்பனும் பெரியவனும் ஒரு ஜோடி. பெரியவனுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. ஆனால் அப்பா எதிரே நின்றால் சுருக்கம் விழாது. முனையைக் கொடுக்கும்போதெல்லாம் அப்பாவின் சுண்டுவிரலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சிரிப்பான்.

தகப்பன் காய்ச்சலில் படுத்த அன்று வேறொருவன் மறுமுனையைப் பிடித்தான். பெரியவன் முனையைக் கொடுக்கவில்லை. "அப்பாவுது" என்றான். அவன் இழுக்க, இவன் இழுக்க, ஈரத்தரையில் வழுக்கி விழுந்த அந்த ஆளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

"அந்த ஓஃப் இனிமே இங்க கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி.

பெரியவனை வீட்டில் பூட்டி வைத்தார்கள். கதவில் மண்டையை மோதி ரத்தம் வர வைத்துக்கொண்டான். அம்மாவும் வேலைக்குப் போகிறவள். கடைசியில் அவனைப் போன்றவர்களுக்கான இல்லத்தில் விடுவதென்று முடிவானது.

கொண்டுபோய் விடுவதற்கு முதல் நாள் சாப்பிடும்போது, கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் சின்னவள் பேச்செடுத்தாள்.

"மேஸ்திரி சொன்ன அந்த ஓஃப்ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பாத்தேன்ப்பா. இப்பதான் முட்டாள்னு அர்த்தம். முன்ன அது தேவதைங்க புள்ளைக்குப் பேராம். புள்ள மந்தமா இருந்தா, நம்ம புள்ளயத் தூக்கிட்டு, அதுங்க புள்ளயப் போட்டுட்டுப் போயிருச்சுன்னு நம்புவாங்களாம்."

"நானும் அதத்தான சொல்றேன். ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க" என்றாள் அம்மா.

"மாத்தினவன் இவனுக்கு உன் மூக்க மட்டும் எப்படிடி அச்சடிச்சு வச்சான்?" என்றான் தகப்பன்.

அம்மாவே சிரித்துவிட்டாள். பெரியவனும் சிரித்தான்.

தகப்பன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். "அப்புறம் அந்தப் புள்ளைய என்ன செய்வாங்க?"

"வெளிய கொண்டுபோய்ப் போட்டுருவாங்களாம். அழுதா அதுங்க வந்து மாத்திக் குடுத்துட்டுப் போகும்னு."

"வந்துச்சா?"

"யாருப்பா வருவா?"

தகப்பன் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான். அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லத்தில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். பெரியவன் தன் கட்டிலைப் பார்த்ததும் விரிப்பை உருவி எடுத்தான். இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா பிடிக்க வேண்டும்.

பிடித்தால் அவனைக் கூட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டிவரும் என்று தகப்பனுக்குத் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பராமரிக்கிற பெண் மறுமுனையை எடுத்தாள்.

"அப்பாவுது" என்றான் பெரியவன்.

"குடுடா. அக்காகிட்ட குடு. அப்பா சொல்றேன்ல."

அப்பா சொன்னதை அவன் என்றைக்கும் தட்டியதில்லை. நடந்துபோய் முனைகளைக் கொடுத்தான். அவளுடைய சுண்டுவிரலை அவன் தொடவில்லை.

"நல்லா மடிக்கிறானே" என்றாள் அவள்.

தகப்பன் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினான். அது காலில்தான் இருந்தது.