வேப்பங்கொப்பு ஒடித்தவள்

நான் ஒளித்து வைத்தேன், நான் காப்பாற்றினேன், எத்தனை நான்... பக்கத்து அறையில் என் கணவர் தன் மேடைப் பேச்சை உரக்க வாசித்துப் பார்க்கிறார், நான் அவருடைய சட்டையை அயன் பண்ணுகிறேன். பத்து மணிக்கு எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின் நினைவுக் கூட்டம், மேடையில் அவருக்குப் பொன்னாடை. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர் பதினொரு பேர், பதுளையில் எங்கள் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே மூன்று நாள், அது சரி, ஆனால் அவர் எங்கே இருந்தார்? சரக்கெடுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார், குற்றமென்று யார் சொன்னது... வாய் சும்மா இருக்கவில்லை. "ஷாமில்ட வாப்பா, பண்டாரவளையில இருந்துகொண்டு பதுளையில எப்பிடி ஆக்கள ஒளிச்சீங்க? கை அவ்வளவு நீளமா?" வாசிப்பு நின்றது. "எங்கட கடதானே ஜெனீரா." கடை உங்களுடையதுதான், வாசலில் நின்றது யார்? எனக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஷாமில், எதிரே தடியும் மண்ணெண்ணெயுமாக ஏழெட்டுப் பேர், கதவு நிலையில் வேப்பங்கொப்பு, பிள்ளைக்கு அம்மை என்று சிங்களத்தில் சொன்னேன், தெய்வத்தின் நோய் கண்ட வீட்டுக்குள் அவர்களும் கால் வைக்கமாட்டார்கள், ஒருவன் என்னைப் பார்த்தான், பிள்ளையின் முகத்தில் நான் பூசிய மஞ்சளைப் பார்த்தான்... போனார்கள். நாற்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் இவர் பெயரில்தான், ஸரூக் முதலாளி காப்பாற்றிய ஆட்கள் என்றே பேச்சு, நானும் சஹன் தட்டில் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டிருந்தேன், ஏன் கேட்டிருந்தேன்?

பேனாவோடு வந்து நிற்கிறார். "சரி, செல்லு கேப்பம். ஒன்ட பேரையும் போடுறன். தெருவெல்லாம் பத்தி எரியக்குள்ள வேப்பங்கொப்ப எங்கால ஒடச்ச?" எங்கே... நான் எங்கே ஒடித்தேன், கடைப் பக்கம் வேம்பே இல்லையே. ஏதாவதொரு மரத்தைச் சொன்னால் எழுதிவிடுவார், மேடையில் என் பெயர் ஒலிக்கும், யார் வந்து மறுக்கப்போகிறார்கள்? அன்று அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி பின்சுவரருகே நின்றாள், பெருவிரலால் பொட்டை அழித்தாள், மூக்குத்தியைக் கழற்றி என் கையில் வைத்தாள், "எங்க லயத்து வீட்டுல அம்மை போட்டா தோட்டத்து தொரையே எட்டிப் பாக்கமாட்டாரு, இவனுங்க என்ன! கொப்பு ஒடிச்சிட்டு வந்துர்றேன், நேரமானா கதவ சாத்திருங்கம்மா," சிரிக்கக்கூடச் செய்தாள், சுவரேறிக் குதித்தாள். நான் கதவைப் பிடித்தபடி சாத்திவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. முழங்கையில் இரத்தத்தோடு, சேலைக்குள் கொப்போடு வந்தாள்.

"நான் இல்ல. அந்தத் தோட்டத்துப் பொம்பளதான் ஒடச்ச."

"அவட பேரு?"

உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணீர் குடிப்பாள், இடக் கையில் பச்சை குத்தியிருந்தது, தூக்கத்தில் இருமுவாள், என்னைவிட இருபது வயதாவது மூத்தவள், மூன்று நாளும் என்னை அம்மா என்றே கூப்பிட்டாள்... நான் அவளை எப்படிக் கூப்பிட்டேன்?